ஹெக்டர் அங்கிளின் வாசற்படி

2025 ஜூன் 11, புதன்

இன்றும் பேக்கரிப் பாண் தப்பிவிட்டது. பாண் விற்கும் சூன்பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தியில் திரும்பும்போதே பல்கனியில் இருந்து கூடையைக் கயிற்றில் இறக்கிவிட வேண்டும். இந்தத் தெருவில் மாடிக்காரர் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். நான் கயிற்றில் சிக்கெடுத்து, முடிச்சுப் போட்டு, கூடையைப் பாதி இறக்குவதற்குள் ஓட்டோ நாலு வீடு தாண்டிவிட்டது. எதிர்மாடியில் நின்ற மஸாஹிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நேரத்தோட கயித்த எறக்குங்க அக்கா! ஒங்களுக்காக அவன் நிக்க மாட்டான்!"

பாண் இல்லாமல் வெறும் தேத்தண்ணீர் குடித்தேன். ஐம்பத்திரண்டு வயதில், எனக்கென்று ஒரு பல்கனியில், எனக்கென்று ஒரு கதிரையில் உட்கார்ந்து. பாணாவது கத்தரிக்காயாவது!

ஜூன் 15, ஞாயிறு

வந்து இரண்டு கிழமை. எப்படி வந்தேன் என்று எழுதி வைக்காவிட்டால் பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

பத்தொன்பது வருடம் வெள்ளவத்தையில், நேசமலர் அக்காவின் ஃபிளாட்டில், பின்னறையில் இருந்தேன். ஏழாம் மாடி. பிள்ளைகளை வளர்க்கக் கை கொடுக்கத்தான் போனேன். கடைசிப் பிள்ளை யதுஷாவும் போன வருடம் மெல்பேர்ன் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மிஞ்சியது அக்கா, அத்தான், நான், ஒரு ரிமோட். ரிமோட் எப்போதும் அத்தானிடம்.

மார்ச் மாதம் ஹெக்டர் அங்கிள் நான் வேலை செய்யும் புறக்கோட்டைக் கண்ணாடிக் கடைக்கு வந்தார். எழுபத்தொன்பது வயது. நல்ல நேரான மூக்கு, ஆனால் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் கீழே. எந்தக் கண்ணாடி போட்டாலும் சரிந்துதான் நிற்கும். ஃபிரேமின் ஒரு காலை மட்டும் வளைத்துச் சரிசெய்து கொடுத்தேன். "இருவது வருஷமா ஒரு மனுஷனும் இதைக் கவனிக்கேல்ல, மிஸ்" என்றார். கொட்டாஞ்சேனையில் தன் வீட்டு மாடி சும்மா கிடக்கிறது என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு ஒரு வீடு வேண்டியிருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

தனியாக ஒரு பெண்ணுக்கு விட அவருக்கு அவ்வளவு மனமில்லை. இழுத்து இழுத்து, கடைசியில் மூன்று மாதத்துக்குச் சம்மதித்தார். "ஓகஸ்ட் முப்பத்தொண்டு வரைக்கும் பாப்பம். அண்டைக்குச் சொல்லுறன், இருக்கலாமா இல்லையா எண்டு." பிறகு மூன்று சட்டம். மாடிப்படியில் செருப்போடு ஏறக் கூடாது. முன் பல்கனியில் உடுப்புக் காயப்போடக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறுகியது: "தெருவாசல் என்ர. அதில ஒண்டும் வைக்கவும் கூடாது, கட்டவும் கூடாது."

அக்காவும் அதே திகதியைப் பிடித்துக்கொண்டாள். ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை என் அறையை அப்படியே விட்டு வைப்பாளாம். அதற்குப் பிறகு அத்தானின் உடற்பயிற்சிச் சைக்கிள் அங்கே வருமாம். "விசர் தெளிஞ்சு நீ வந்திடுவாய். நான் வேன் அனுப்புறன்" என்றாள்.

வேனாம்!

ஜூன் 22, ஞாயிறு

இந்த வீட்டின் நெற்றியில் 1926 என்று சுண்ணாம்பில் செதுக்கியிருக்கிறது. ஆறின் வாலில் ஒரு புறா குடும்பம் நடத்துகிறது. உள்ளே பலகைத் தரை. பொத்தான் ஒன்று விழுந்து உருண்டால் கீழே இருந்து "என்ன விழுந்தது மிஸ்?" என்று கேட்கிறார். அவர் ரேடியோவில் கேட்கும் செய்தியை நானும் கேட்கிறேன். நான் பொரிக்கும் கருவாட்டை அவரும் முகர்கிறார். சுவருக்கு மேல் சுவர் கட்டி வாழ்ந்த வெள்ளவத்தையில் பக்கத்து ஃபிளாட்காரரின் பெயர் பத்தொன்பது வருடத்தில் எனக்குத் தெரியாது. இங்கே மீன்காரனுக்கு என் இரத்த அழுத்தம் தெரியும்.

விடிய முன்னமே பள்ளிவாசல் பாங்கு. பிறகு விகாரையில் பிரித் ஓதல். அதற்குப் பிறகு சந்தில் இருக்கும் சின்ன மாதா கோவிலின் மணி, அம்மன் கோயில் மணி. எல்லாம் அடங்கிவிட்டது என்று திரும்பிப் படுத்தால் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. இதற்கு மேலே கைபேசியில் அலாரமும் வைத்துக்கொண்டு படுத்த என்னை என்ன சொல்ல?

ஜூன் 27, வெள்ளி

பாண் கிடைத்தது! கூடையில் ஒரு றாத்தல் பாண், சீனி தூவிய கிம்புலா பணிஸ் இரண்டு. மஸாஹிரா கைதட்டினாள். கீழே நின்ற பாண்காரன் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டான். நான் பல்கனியில் நின்று ராணி கையசைப்பது போல அசைத்தேன். சத்தியமாக அசைத்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா வந்தாள். மாடிப்படி பதினெட்டையும் எண்ணிக்கொண்டே ஏறினாள். கட்டில் விளிம்பில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல இருந்தாள். நான் காட்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை வைத்திருந்தாள். பல்கனிக்கு "விழுந்து துலைக்கப் போறாய்", பலகைத் தரைக்கு "கறையான்", 1926க்கு "அப்ப இது வீடில்லை, மியூசியம்."

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "ஆக்கள் கேக்கினம் சாம்பவி, தங்கச்சியைக் கலைச்சு விட்டனீங்களோ எண்டு. நான் என்ன சொல்லுறது?"

"நானாத்தான் போனனான் எண்டு சொல்லுங்கோ."

"அதை ஆர் நம்புவினம்?"

அவள் போன பிறகு நல்லாக அழுதேன். ஏன் நம்ப மாட்டினம்? ஒரு மனுசி தன்ரபாட்டில ஒரு வீட்டை விரும்பக் கூடாதோ? கலைச்சாத்தான் போகவேணுமோ? — சரி. எழுதியாயிற்று. ஆறிவிட்டது. அழுதபோது கீழே ரேடியோவின் சத்தம் கூடியது. எனக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்றுதான் கூட்டினார் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் என் அழுகை பிடிக்காமலும் இருக்கலாம்.

ஜூலை 11, வெள்ளி

காலையில் நடந்தே வேலைக்குப் போகிறேன்! முன்பு காலி வீதியில் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் நசிந்து போனவள். இப்போது மேட்டில் இருந்து இறங்கி, துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்துக்கொண்டு, செட்டியார் தெருவில் நகைக்கடைகள் கதவு தூக்கும் சத்தத்துக்குள் புகுந்து, மூட்டை தூக்கும் நாட்டாமைகளின் தள்ளுவண்டிகளுக்கு விலகி, இருபத்தைந்து நிமிடத்தில் கடை வாசல். முதல் கிழமை கால் வலித்தது. இப்போது வலிக்கவில்லை. ஒரு சப்பாத்து தேய்ந்துவிட்டது, அதிலும் எனக்குப் பெருமை.

ஜூலை 20, ஞாயிறு

வாசல் ஏன் ஹெக்டர் அங்கிளுக்கு அப்படி முக்கியம் என்று இன்று தெரிந்துகொண்டேன். மஸாஹிரா கலியாண வீடுகளுக்குச் சமைக்கிறவள்; வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டாள். இரண்டு கிலோ உரித்த கூலிக்குக் கதை சொன்னாள்.

ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் மாதா பெருநாள். அன்று பின்னேரம் மாதாவின் சுருவச் சிலையைக் கூட்டில் வைத்து, நாலு தண்டில் தோள் கொடுத்து, தெருத்தெருவாகப் பவனி கொண்டுவருவார்கள். எல்லா வீட்டிலும் நிற்பதில்லை. எந்த வாசலில் விளக்கு ஏற்றியிருக்கிறதோ அங்கேதான் மாதா நிற்பார். நின்ற வீட்டுக்காரர் பவனி முடிந்ததும் தூக்கியவர்களுக்கும் பாட்டுக்காரருக்கும் கோப்பி கொடுக்க வேண்டும். அது இந்தத் தெருவின் முறை.

முன்பக்கத்து இடது தண்டு முப்பது வருடம் ஹெக்டர் அங்கிளுடையது. பதினொரு வருடத்துக்கு முன்னால், "உங்களுக்கு வயசு போட்டுது அங்கிள், நீங்க இனி மணியைப் பிடியுங்கோ" என்று சொல்லி, தண்டை மீன் வியாபாரி ஜீவராஜிடம் கொடுத்துவிட்டார்கள். மணி! சின்னப் பிள்ளைகள் கிலுக்கிக்கொண்டு போவது! மனிதர் மணியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். அன்றில் இருந்து அந்த வாசலில் விளக்கில்லை. பவனி நிற்காமல் போய்விடும். போகும்போது அவர் உள்ளே ரேடியோவை நிறுத்திவிட்டு இருப்பாராம்.

"அழுத்தக்காரர்" என்றேன்.

"ஏன், ஜீவராஜ் மட்டும் லேசுப்பட்ட ஆளா? ஒரே தெருவுல இருந்துக்கிட்டு பதினொரு வருஷமா ரெண்டு பேரும் மூஞ்ச பாக்கல" என்றாள் மஸாஹிரா.

ஆகஸ்ட் 2, சனி

முன் பல்கனியில் சேலை காயப்போட்டுவிட்டேன். மறதி! கீழே இருந்து மூன்று தரம் இருமல். பாய்ந்து போய் இழுத்தேன். போன கிழமை செருப்போடு ஏறினேன். மூன்று சட்டத்தில் இரண்டு முறிந்தாயிற்று, நாள் இன்னும் இருபத்தொன்பது இருக்கிறது. சாம்பவி, கொஞ்சம் ஒழுங்காய் இரேன்!

இங்கேயே இருக்க வேண்டும். இருக்கத்தான் வேண்டும். இதைவிடப் பெரிதாக நான் எதையும் ஆசைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளைக்கு ஆடிக் கடைசி வெள்ளி. வழமையாகப் பின்னேரம்தான் அம்மன் எங்கள் தெருவால் வருவாவாம். இன்று அத்தானின் பிறந்தநாள் என்று வெள்ளவத்தையில் வந்து படுத்திருக்கிறேன். என் பழைய அறை. சுவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அலுமாரிக்கு மேலே அம்மாவின் பித்தளைக் குடம் தூசியோடு கிடந்தது. "எடுத்துக்கொண்டு போறன்" என்றேன். "என்னத்துக்கு?" என்றாள் அக்கா. "அம்மனுக்கு வைக்க." அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள், ஆனால் புளி போட்டு மினுக்கித் தந்தாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை. முறைப்படி எழுதுகிறேன்.

காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "டிக்கட் ஒண்டா ரெண்டா நோனா?" என்று கொண்டக்டர் குடத்தைக் காட்டிக் கேட்டான். பஸ்ஸே சிரித்தது. நேரே கடைக்குப் போய், நாள் முழுக்க மேசைக்கு அடியில் குடத்தை வைத்திருந்தேன். பின்னேரம் மாவிலை, தேங்காய், வாழையிலை, கற்பூரம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன். இரண்டு கையும் நிறைந்து போனதால் ஹெக்டர் அங்கிளின் கண்ணாடியைக் கடையிலேயே மறந்துவிட்டேன். ஃபிரேமின் கால் உடைந்தது என்று புதன்கிழமை தந்தவர். இன்று தருவேன் என்று சத்தியம் பண்ணியிருந்தேன்.

தெருவைக் கழுவி விட்டிருந்தார்கள். எல்லோரும் வெளியே நின்றார்கள். மேலே வெடிச் சத்தம் கேட்டது. அம்மன் வந்துவிட்டா! எங்கே வைப்பது? மாடிப் பல்கனியிலா அம்மனுக்குக் குடம் வைப்பார்கள்? வாசலில்தான் வைக்க வேண்டும். மூன்றாவது சட்டம் ஞாபகம் வந்தது. அம்மனுக்குத்தானே, அவரும் பொறுப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன். வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, குடத்தை வைத்தால் — ஆடுகிறது! நூறு வருடம் ஆட்கள் மிதித்து அந்தப் படி நடுவில் குழிந்து போயிருக்கிறது. பாண் உறையை மடித்து அடியில் முட்டுக் கொடுத்தேன். மாவிலை, தேங்காய், பக்கத்தில் குத்துவிளக்கு. ஏற்றினேன். கற்பூரத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

பாண்ட் வாத்தியம்.

அம்மனுக்கு ஏன் பாண்ட் வாத்தியம்?

எதிரே மஸாஹிரா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா! அது மாதாட பெரஹரா ஊர்வலம்! ஒங்கட சாமி காலேல ஆறு மணிக்கே போயிட்டுது!"

ரெண்டும் ஒரே நாளில் விழுந்ததால், அம்மனுக்குக் காலை, மாதாவுக்குப் பின்னேரம் என்று அம்மன் கோயில்காரரும் மாதா கோவில்காரரும் முன்னமே பேசி ஒழுங்குபண்ணியிருக்கிறார்கள். தெருமுனையில் பெரிய எழுத்தில் கட்டியும் இருந்ததாம். இரண்டு கிழமை அதற்கு அடியால் நடந்து போய் வந்திருக்கிறேன். மஸாஹிரா சொன்ன மாதா பெருநாளும் இதே பதினைந்து என்பது தலையில் ஏறவேயில்லை. நாள் முழுக்க மற்றவர்களை எழுத்து வாசிக்கச் சொல்லிக் கண் பார்க்கிறவள் நான்!

குடத்தைத் தூக்க நேரமில்லை. நீல வெள்ளைக் கொடிகள், பாட்டுக்காரர், பூவால் மூடின கூடு, அதற்குள் மாதா. முன்பக்கத்து இடது தண்டில் ஜீவராஜ். அவன் விளக்கைப் பார்த்தான். குடத்தைப் பார்த்தான். கற்பூரத் தட்டோடு நிற்கும் என்னைப் பார்த்தான். பிறகு சத்தமாகச் சொன்னான்: "விளக்கு இருக்கு. நில்லுங்கோ!"

எல்லாம் நின்றது. பாண்டும் நின்றது. பதினொரு வருடத்துக்குப் பிறகு ஹெக்டர் அங்கிளின் வாசலில் மாதா.

எனக்குப் பின்னால் கதவு திறந்தது. சாரமும் பெனியனுமாக, கண்ணாடி இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "ஏன் நிண்டது? ஆர் நிப்பாட்டினது?" என்று கேட்டார். குடம் மட்டும் கிணுகிணு என்று ஆடிக்கொண்டிருந்தது.

ஜீவராஜ் பக்கத்தில் நின்றவனிடம் தண்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு வந்து, அவர் கையைப் பிடித்தான்.

"அங்கிள், வாங்கோ. முன்னிடது."

அவர் கை தடவித் தடவித் தண்டைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்ததும் பாருங்கள் — தோள் தானாகக் கீழே போய்த் தண்டுக்குள் பொருந்தியது! பாண்ட் அடித்தது. ஜீவராஜும் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டு போனான். தெரு முடியும் வரை, பதினான்கு வீடு, தூக்கிக்கொண்டு போனார். நான் எண்ணினேன். நான் ஏங்கி ஏங்கி அழுதேன், மஸாஹிரா சிரித்தாள், கற்பூரம் தட்டிலேயே எரிந்து முடிந்தது.

பிறகுதான் கோப்பி ஞாபகம் வந்தது! எண்பது பேர்! என் வீட்டில் இருப்பது ஆறு கோப்பை.

"எம்பது பேர்தானே? நான் எண்ணூறு பேருக்கு ஆக்கிறவ" என்று மஸாஹிரா தன் கலியாணச் சட்டியைத் தெருவுக்குக் குறுக்கே உருட்டிக்கொண்டு வந்தாள். இஞ்சி தட்டிப் போட்டுக் கோப்பி. எல்லோருக்கும் கிடைத்தது. ஹெக்டர் அங்கிள் மட்டும் குடிக்கவில்லை. வியர்வையோடு வந்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மூன்று சட்டமும் முறிந்தது.

ஆகஸ்ட் 16, சனி

கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, புதன்

நாலு நாளாக ரேடியோ இல்லை. பேச்சும் இல்லை. தோளுக்குப் பூசும் எண்ணெயின் மணம் மட்டும் மேலே வருகிறது. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மீன்காரர் எல்லாருக்கும் நான் சொந்தமாகிவிட்டேன். ஜீவராஜ் ஒரு பாரை மீனைக் கூடையில் போட்டு அனுப்பிவிட்டு, காசு வாங்க மாட்டேன் என்கிறான். தெருவே என்னை வைத்துக்கொள்ளத் தயார். வீட்டுக்காரர்தான் வாய் திறக்கிறார் இல்லை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "ஞாயிற்றுக்கிழமை முப்பத்தொண்டு. அண்டைக்குக் கதைப்பம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒரு மேசன் வந்து வாசலை அளந்துகொண்டு போனான். புதிதாக ஆள் வர முன்னம் திருத்துகிறார் போல.

அக்காவிடம் ஃபோனில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டாள்: "என்ன, குரல் ஒரு மாதிரி?" ஒன்றுமில்லை என்றேன். "உன்ர அறையில யன்னல் துடைச்சு விட்டிருக்கிறன்" என்றாள். அதில் அன்பு இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வேலையால் வந்தால் முன்வாசலில் சாக்கு விரித்திருக்கிறது. "சீமெந்து ஈரம், பின்வழியால வாங்க" என்று உள்ளே இருந்து குரல். பின்வழியால் ஏறினேன். இரண்டு பையில் எல்லாம் கட்டி முடித்தேன். மூன்று மாதத்தில் சேர்த்தது இவ்வளவுதானா என்று பார்த்தால், ஆம், இவ்வளவுதான். கூடையையும் கயிற்றையும் கட்டவில்லை. அது இந்தப் பல்கனியின் சாமான்.

போகச் சொல்ல முன்னம் நானே இறங்கிவிட வேண்டும். அக்காவுக்கு ஃபோன் எடுத்து, காலையில் வேன் அனுப்பச் சொல்லிவிட்டேன். கலைச்சு விட்டினம் எண்டு இன்னொரு தரம் கேக்க ஏலாது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எழுதுகிறேன், எழுதுகிறேன், பொறு.

எட்டரைக்கு அக்காவின் வேன் வந்து ஹோன் அடித்தது. இரண்டு பையையும் தோளில் போட்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கீழே ஹெக்டர் அங்கிள் வாசற்படியில் குந்தியிருந்தார். படி புதிதாக, மட்டமாக இருந்தது. அதன் நடுவில் ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கன்னம் நிலத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இண்டைக்கு முப்பத்தொண்டு."

"தெரியும். அந்தக் குடத்தைத் தா."

வாங்கினார். தம்ளரை எடுத்துவிட்டுக் குடத்தைப் படியில் வைத்தார். விரலால் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி நேராக இருந்தது.

"ஆடேல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அண்டைக்கு ஆடினது. எனக்குக் கண் தெரியேல்ல, ஆனால் சத்தம் கேட்டது. மாதாக்கு முன்னால என்ர வாசல்ல ஒரு சாமான் ஆடலாமோ? பதினஞ்சு நாளா அந்தச் சத்தம்தான் காதுக்குள்ள." சீமெந்துத் தூசியைச் சாரத்தில் துடைத்தார். "வாற எட்டாம் திகதி மாதாட பிறந்தநாள். சின்னச் சுத்து ஒண்டு வரும். குடத்துக்கு எத்தினை மாவிலை, தேங்காய் எந்தப் பக்கம் பாக்கோணும், எனக்கு ஒண்டும் தெரியாது. நீதான் வைக்கோணும்."

"வாசல்ல ஒண்டும் வைக்கக் கூடாதெண்டு..."

"வாசல் என்ர. நான் சொல்லுறன், வை."

நான் இரண்டு பையையும் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். வேன்காரன் மறுபடி ஹோன் அடித்தான். ஹெக்டர் அங்கிளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இவன் என்னத்துக்கு ரோட்டை மறிச்சுக்கொண்டு நிக்கிறான்? அனுப்பு அவனை!"

அனுப்பினேன். அனுப்பினேன்! எதிர்மாடியில் மஸாஹிரா இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவள் போட்ட குரலுக்குப் புறா எல்லாம் பறந்தது. பைகளோடு பதினெட்டுப் படியும் ஓடி ஏறினேன். செருப்போடு. கீழே இருமல் கேட்கவில்லை.

பிறகு அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். வேன் வெறுமையாக வருகிறது என்றேன். "சாப்பிட்டனியோ?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 8, திங்கள்

ஐந்து மாவிலை. தேங்காய்க் குடுமி மேலே. இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தேன், மூன்றாம் தரம் அவரே வைத்தார். பின்னேரம் பவனி நின்றது. கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போய் முன்னிடது தண்டில் நின்றார். ஜீவராஜ் பின்னிடது. இந்தத் தடவை பத்து வீடுதான்; தோளும் வயதும் சும்மா விடுமா? கோப்பிக்கு என்னிடம் இப்போது இருபத்தாறு கோப்பை இருக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் அத்தான் ஒரு படம் அனுப்பியிருந்தார். என் பழைய அறையில், யன்னலுக்கு முன்னால் உடற்பயிற்சிச் சைக்கிள். அதில் அத்தான் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, அக்கா! "மூண்டு கிலோமீட்டர் ஓடிட்டா. இறங்க மாட்டன் எண்டுறா" என்று கீழே எழுதியிருந்தார்.

சத்தம் போட்டுச் சிரித்தேன். கீழே இருந்து "என்ன விழுந்தது?" என்று கேட்டார். "ஒண்டும் விழேல்ல அங்கிள்" என்றேன். படத்தை மறுபடி பார்த்தேன். யன்னல் திரையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அந்த அறைக்குள் அவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கொஞ்சம் அழுகை வந்தது. அதற்குள் சந்தியில் சூன்பாண் பாட்டுக் கேட்டது, நான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.